‘2000 மடங்கு’க்குக் கீழே ஒரு வரி போடுங்கள்: கடலூர், புதுச்சேரிப் பதிப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும், ராத்திரி டெஸ்க்கில் உட்கார்ந்து தலைப்பு போடும் துணை ஆசிரியர்களுக்கும், ஊர் ஊராக அலையும் நிருபர்களுக்கும் வணக்கம்.

திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். காலையில் கடை திறந்ததும் முதலில் பிரிப்பது உங்கள் பேப்பரைத்தான், அதனால் இதை வேண்டாதவன் எழுதிய கடிதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விஷயம் இதுதான்: ‘ஆய்வில் அதிர்ச்சித் தகவல்’, ‘விஞ்ஞானிகள் எச்சரிக்கை’ என்று நீங்கள் போடுகிற செய்திகளில் ஆய்வு சொன்னது ஒன்றாகவும் தலைப்பு சொல்வது இன்னொன்றாகவும் இருக்கிறது. ஒரு தடவை இரண்டு தடவை என்றால் விட்டுவிடலாம். அந்தத் தலைப்பை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்துகிறார், இன்னொருவர் தேவையில்லாத டானிக்கை வாங்கிக் குடிக்கிறார், மூன்றாமவர் எந்த டாக்டர் சொன்னாலும் நம்பாத நிலைக்குப் போய்விடுகிறார். இதெல்லாம் எங்கள் கவுன்ட்டரில் தெரிகிறது, உங்கள் ஆபீசில் உட்கார்ந்திருந்தால் தெரிய வழியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2022 செப்டம்பரில் மத்திய அரசு அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலைத் திருத்தி வெளியிட்டதே, அதை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 384 மருந்துகள், புதிதாக 34 சேர்ந்தன, பழையதில் 26 போயின. போன 26-இல் ரானிடிடின் ஒன்று, அதாவது நம் ஜனங்கள் ரான்டாக், ஜின்டாக் என்று கேட்டு வாங்குகிற கேஸ் மாத்திரை. அந்த மருந்தில் என்டிஎம்ஏ என்ற பொருள் கலந்திருக்கிறது, அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது, 2020 ஏப்ரலில் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது. சரி, அது ஒரு மருந்தின் கதை. மறுநாள் வந்த தலைப்புகளோ ‘புற்றுநோய் அபாயம், 26 மருந்துகள் நீக்கம்’ என்ற தோரணையில் இருந்தன. கீழே 26 பெயர்களும் வரிசையாக. அந்த வரிசையில் பிளீச்சிங் பவுடர் இருந்தது ஐயா! வெள்ளை பெட்ரோலேட்டம், அதாவது பனிக்காலத்தில் உதட்டில் தடவுகிற வாசலின் சமாச்சாரம், அதுவும் இருந்தது. சாக்கடையில் தூவுகிற பிளீச்சிங் பவுடர் இந்தப் பட்டியலில் என்ன செய்கிறது என்று டெஸ்க்கில் ஒருவர் நிமிர்ந்து கேட்டிருந்தால் தலைப்பு அங்கேயே மாறியிருக்கும்.

பட்டியலிலிருந்து ஒரு மருந்தை எடுக்கப் பல காரணங்கள் உண்டு. அதைவிட நல்ல மருந்து வந்திருக்கும், அதைவிட விலை குறைந்தது கிடைக்கும், கிருமிகள் அதற்குப் பழகிப்போயிருக்கும், அல்லது அந்த நோயே நாட்டில் பெரிய பிரச்சினையாக இல்லாமல் போயிருக்கும். பாதுகாப்பு குறித்த சந்தேகமும் அதில் ஒரு காரணம், அவ்வளவுதான். எடுத்தார்கள் என்றால் தடை செய்தார்கள் என்றும் பொருளில்லை. ரானிடிடினே அதற்கப்புறமும் கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருந்தது.

அந்த 26-இல் அட்டெனோலாலும் ஒன்று. பிரஷருக்கும் நெஞ்சுவலிக்கும் கொடுக்கிற பழைய மாத்திரை, எடுத்ததற்குக் காரணம் புற்றுநோய் இல்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு அம்மா, மீன் விற்பவர், பல வருஷமாக அதே மாத்திரை சாப்பிடுகிறவர், பாதி தீர்ந்த அட்டையைக் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்தார். “இத நீயே வெச்சுக்கப்பா. இதுல கேன்சர் இருக்குன்னு எம் புள்ள போன்ல காட்னான்.” எப்போதிலிருந்து சாப்பிடவில்லை என்று கேட்டேன். “பேப்பர்ல வந்த அன்னைலேர்ந்து.” அட்டெனோலால் சட்டென்று நிறுத்தக்கூடாத மருந்து, நெஞ்சுவலிக்காரர்கள் அப்படி நிறுத்தினால் மாரடைப்பு வரைக்கும் போகலாம் என்று மருந்தோடு வரும் குறிப்புத் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. டாக்டருக்குப் போன் போட்டு அந்த அம்மாவிடம் நேராகப் பேச வைத்தேன். அவர் பேசி முடித்த பிறகும் அந்த அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர முழுசாக நம்பிய மாதிரி தெரியவில்லை. அந்த அம்மா சொன்னதும் நியாயம்தான்: “பொய்யின்னா எதுக்குப்பா பேர் போட்டு எழுதறாங்க?”

இதில் எனக்கு இன்னொரு ஆதங்கம். உண்மையான செய்தி ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தது, நான் பார்த்த பேப்பர்களில் அதை யாரும் எழுதவில்லை. அந்தப் பட்டியலில் இருக்கும் மருந்துகளுக்குத்தான் அரசு உச்ச விலை நிர்ணயிக்கிறது. பட்டியலைவிட்டு வெளியே போன மருந்தின் விலையைக் கம்பெனி வருஷத்துக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். மாசாமாசம் மாத்திரை வாங்குகிற குடும்பத்துக்கு இது தெரிய வேண்டிய விஷயமா இல்லையா? பயமுறுத்துகிற தலைப்பு வந்தது, பாக்கெட்டைத் தொடுகிற செய்தி வரவில்லை.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். சிப்காட்.

2008-இல் வந்த செய்தி உங்களில் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். நாக்பூரில் இருக்கும் நீரி, அதாவது தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காகச் செய்த ஆய்வில், கடலூர் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டைப் பகுதியில் குடியிருப்பவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது 2000 மடங்கு அதிகம் என்று தெரியவந்திருப்பதாகச் செய்தி. ஆங்கிலப் பேப்பர், தமிழ்ப் பேப்பர், டிவி, அப்புறம் வந்த கட்டுரைகள், மேடைப் பேச்சு, துண்டு நோட்டீஸ் என்று எல்லாவற்றிலும் அந்த 2000 மடங்கு ஏறிக்கொண்டது. இன்றைக்கும் சிப்காட்டில் கசிவு, விபத்து என்று ஏதாவது நடந்தால் செய்தியின் கடைசிப் பத்தியில் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

யாராவது ஒரு தடவை பெருக்கிப் பார்த்தீர்களா? இந்தியாவில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஒன்பதில் ஒன்று என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் மதிப்பீடு. அந்த ஒன்பதில் ஒன்றை 2000-ஆல் பெருக்கினால் 222 வருகிறது. சிப்காட்டை ஒட்டிய குடிகாடு கிராமத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் 222 தடவை புற்றுநோய் வர வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் கொடுத்தால்கூட இது எங்கேயோ உதைக்கிறது என்று சொல்லிவிடுவான். இத்தனை வருஷமாக இது அச்சில் ஏறிக்கொண்டே இருக்கிறது.

எங்கே உதைக்கிறது என்று சொல்கிறேன். இந்த வகை ஆய்வில் நோயாளிகளை யாரும் எண்ணுவதில்லை. காற்றைப் பிடித்து, அதில் பென்சீன் மாதிரி எந்தெந்த ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அதே காற்றை ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சுவாசித்தால் அந்த ரசாயனங்களால் மட்டும் கூடுதலாக எவ்வளவு ஆபத்து சேரும் என்று சூத்திரம் போட்டுக் கணக்கு எடுப்பார்கள். அப்படி வரும் கூடுதல் ஆபத்தை, 10 லட்சம் பேரில் ஒருவர் என்ற கோட்டோடு ஒப்பிடுவது இந்தத் துறையில் வழக்கம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு முதற்கொண்டு பலரும் அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். 2000 மடங்கு என்பது அந்தக் கோட்டுக்கு 2000 மடங்கு என்று எடுத்தால்தான் கணக்கு நிற்கும். 10 லட்சம் பேரில் 2000 பேர், அதாவது ஆயிரத்தில் இரண்டு பேர். ஆயிரம் பேர் இருக்கிற ஒரு ஊரில் எப்படியும் வாழ்நாளில் 111 பேருக்கு வரக்கூடிய நோய், இந்தக் காற்றால் 113 பேருக்கு வரும். ‘மற்றவர்களைவிட 2000 மடங்கு’ என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

இதைச் சொன்னதும் ‘நீ என்ன கம்பெனிக்காரன் ஆளா’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள் என்று தெரியும். ஆயிரத்தில் இரண்டு என்பது சின்ன விஷயமே இல்லை. சட்டப்படி, நியாயப்படி நடவடிக்கை எடுக்க அது போதும், போதுமென்ன, அதிகம். ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, காரைக்காடு, பச்சையாங்குப்பம் பக்கம் ராத்திரியில் பைக்கில் போனவர்களுக்கு அந்த நாற்றத்தைப் பற்றி யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர்க்காரர்களே எந்த நேரத்தில் என்ன நாற்றம் வந்தது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்து, காற்றைப் பையில் பிடித்து அனுப்பிச் சோதிக்க வைத்தார்கள். அந்த உழைப்புக்குத் துணையாக நிற்க வேண்டிய எண்ணை நாம் ஊதிப் பெரிசாக்கி வைத்திருக்கிறோம். ‘2000 மடங்கு என்றால் இந்நேரம் ஊரே காலியாகியிருக்க வேண்டுமே, எங்கே காட்டு’ என்று எதிர்த்தரப்பு கேட்டால் ஊர்க்காரர் என்ன பதில் சொல்வார்? ஆயிரத்துக்கு இரண்டு கூடுவது தெருவில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. வருஷக்கணக்கில் பதிவேட்டில் எண்ணினால்தான் தெரியும். தமிழ்நாடு முழுமைக்கும் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது, அடையாறு புற்றுநோய் மையம் அதை ஒருங்கிணைக்கிறது. சிப்காட்டைச் சுற்றிய ஊர்களின் எண்ணிக்கையைத் தனியாகப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டு ஒரு செய்தி எழுதுங்களேன், 2000 மடங்கை நூறாவது தடவை எழுதுவதைவிட அது அந்த ஜனங்களுக்கு உதவும்.

அடுத்து பாண்டி. 2023 ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இண்டியாப்’ (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வு லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்தது. 2008 முதல் 2020 வரை கட்டம் கட்டமாக, 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரிடம் எடுத்தது. நாடு முழுக்க 11.4 சதவீதம் பேருக்கு சுகர், கோவாவில் 26.4, புதுச்சேரியில் 26.3, கேரளாவில் 25.5. கடைசியில் உத்தரப் பிரதேசம், 4.8. உடனே ‘சர்க்கரை நோயில் புதுச்சேரிக்கு இரண்டாம் இடம்’ என்று ஏதோ கபடி டோர்னமென்ட் முடிவு மாதிரி போட்டாகிவிட்டது. ஒரு மாநிலத்துக்குச் சுமார் 4,000 பேரிடம் எடுக்கிற கணக்கெடுப்பில் 26.4-க்கும் 26.3-க்கும் எந்த வித்தியாசமும் கிடையாது. இன்னொரு 4,000 பேரைப் பிடித்தால் வரிசை அப்படியே மாறலாம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. குவார்ட்டர் பாட்டில் படத்தைப் போட்டு, பாண்டிக்காரனுக்கு ஏன் சுகர் தெரியுமா என்று ஆளாளுக்கு விளக்கம். சில பேர் பிரெஞ்சுக்காரன் ரொட்டி வரைக்கும் போனார்கள். அந்த ஆய்வு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணியது, ஏன் இந்த ஊரில் அதிகம் என்று கண்டுபிடிக்கச் செய்தது இல்லை. முள்ளோடை எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ரெண்டும் ஒரே ஜனம், பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே பொன்னி அரிசி சாப்பிடுகிற ஜனம். எல்லையைத் தாண்டினால் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுமா? தமிழ்நாட்டில் இதே ஆய்வின் முதல் கட்டத்தை 2008-10-லேயே எடுத்துவிட்டார்கள், அப்போது வந்தது 10.4 சதவீதம். அந்தப் பழைய எண்ணைப் பக்கத்தில் வைத்து ‘தமிழகத்தைவிட இரண்டரை மடங்கு’ என்று பேசினால் அது இரண்டு ஊரை ஒப்பிட்டது ஆகாது. தமிழ்நாட்டில் கிராமம் எவ்வளவு, பாண்டியில் எவ்வளவு என்பதும் இருக்கிறது. பாண்டி பெரும்பாலும் டவுன், டவுனில் சுகர் அதிகம் என்பதை அந்த ஆய்வே காட்டுகிறது. வயசும் இருக்கிறது. உத்தரப் பிரதேசம் இளைஞர்கள் அதிகம் உள்ள மாநிலம், நம் பக்கம் வயசானவர்கள் அதிகம், வயசாக வயசாக சுகர் வரும்.

அங்கே சுகர் குறைவாக இருக்கிறதே என்று நிம்மதிப்படவும் முடியாது. உத்தரப் பிரதேசத்தில் நோய் வந்தவர்களைவிட நோயின் வாசலில் நிற்பவர்கள் பல மடங்கு இருக்கிறார்கள் என்பதையும் அதே ஆய்வு சொன்னது, நாடு முழுக்க அப்படி வாசலில் நிற்பவர்கள் 15.3 சதவீதம். எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் பட்டது இதுதான். உணவைச் சரிபண்ணி, நடந்து, தள்ளிப்போட வாய்ப்பு இருப்பது அவர்களுக்குத்தான். ‘இரண்டாம் இடம்’ தலைப்புக்குக் கீழே இது எத்தனையாவது பத்தியில் வந்தது, வந்ததா என்று உங்கள் பழைய இதழை எடுத்துப் பாருங்கள்.

கொசு விஷயம் சுருக்கமாக. புதுச்சேரியில் இருக்கும் ஐசிஎம்ஆரின் நோய்க்கடத்தி ஆராய்ச்சி நிலையம் 2022-இல், டெங்குக் கிருமியைக் கொசுவுக்குள் வளரவிடாத வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை உடம்பில் வைத்திருக்கும் ஏடிஸ் (டெங்கு பரப்புகிற கொசு) வகைகளை உருவாக்கியதாக அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து முட்டை வாங்கி வந்து, நம் ஊர்க் கொசுவோடு கலந்து, ஆய்வகத்துக்குள் பல வருஷம் உழைத்துச் செய்த நல்ல வேலை. நம் ஊரில் நடந்தது என்று பெருமைப்படலாம். தலைப்பைப் படித்த ஜனங்களோ மறுவாரமே டெங்கு ஒழிந்துவிடும் என்று நினைத்தார்கள். எங்கள் கடைக்கு வரும் ஒருவர் கொசுவர்த்தி வாங்கும்போதெல்லாம், அந்த நல்ல கொசுவை நம்ம தெருவுல எப்ப விடுவாங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆய்வகத்தில் வந்ததற்கும் ஊரில் பலிப்பதற்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரமே சாட்சி. அங்கே நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12-இல் கொசுவை விட்டு, 12-இல் விடாமல் வைத்து ஒப்பிட்டார்கள். டெங்கு 77 சதவீதம் குறைந்தது என்ற முடிவு 2021-இல்தான் ஆய்விதழில் வந்தது. நம் செய்தியில் ‘இது இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது, வெளியே விட அரசு அனுமதி வேண்டும்’ என்பதைத் தலைப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கலாம்.

ஒப்பிட்டார்கள் என்றேனே, அங்கேதான் அடுத்த கோளாறு. 2024 மே மாதம் கோவாக்சின் போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பக்கவிளைவு என்று ஒரு ஆய்வு வந்து எல்லாப் பேப்பரிலும் ஓடியது. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தார் 926 பேரிடம் போனில் விசாரித்து எழுதியது. விசாரித்ததில் அதிகம் பேர் சொன்னது மூச்சுப்பாதைத் தொற்று, நம் பாஷையில் சளி, இருமல், காய்ச்சல். ஒரு வருஷத்தில் சளி பிடிக்காத ஆள் எத்தனை பேர் இருக்கிறோம்? ஊசி போடாதவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டு, அங்கே எத்தனை பேர் என்று பார்த்திருந்தால்தானே ஊசியால் வந்ததா இல்லையா என்று பேச முடியும். அப்படி ஒரு ஒப்பீட்டுக் குழுவே அந்த ஆய்வில் இல்லை. ஐசிஎம்ஆர் இதையே சொல்லி ஆட்சேபித்தது, அந்தக் கட்டுரையை 2024 செப்டம்பரில் இதழ் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்றதை எந்தத் தமிழ்ப் பேப்பரிலும் நான் பார்க்கவில்லை, ஏழாம் பக்கத்தில் எங்காவது மூலையில் வந்திருந்தால் நல்லது. ஊசியைப் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டும், தாராளமாகக் கேட்க வேண்டும். கேட்கிறவர்கள் எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கருவாட்டை விட்டால் கடலூர்க்காரன் கடிதம் முடியாது. கருவாடு தின்றால் கேன்சர், உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது என்று அவ்வப்போது ஒன்று சுற்றுகிறது. அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பொருட்களை வகை பிரிக்கிறது, முதல் வகையில் இருப்பவை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவை. புகையிலை அதில்தான் இருக்கிறது, சாராயம் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்த வகை சொல்கிறதே ஒழிய ஆபத்து எவ்வளவு என்பதை இல்லை. நாய் கடிக்கும் என்பதும் உறுதி, புலி கடிக்கும் என்பதும் உறுதி, ஒரே பட்டியலில் இருக்கிறது என்பதற்காக நாயும் புலியும் ஒன்றாகிவிடுமா? கருவாட்டு விஷயத்தில் பட்டியலே வேறு. முதல் வகையில் இருப்பது சீன முறையில் உப்பிட்ட மீன். தென் சீனப் பக்கம் குழந்தைப் பருவத்திலிருந்தே அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு மூக்குக்குப் பின்புறம் தொண்டையின் மேல்பகுதியில் வரும் ஒருவகைப் புற்றுநோய் அதிகம் என்று பார்த்து வகைப்படுத்தினார்கள். மற்ற உப்பு மீன்களை, ஆதாரம் போதாது, வகைப்படுத்த முடியவில்லை என்று 1993-லேயே தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். முதுநகர்ப் பக்கம் காயப்போடுகிற நெத்திலிக்கும் வாளைக்கும் அந்தச் சீன மீனுக்குச் சொன்னதை அப்படியே ஒட்டிவிட்டால் எப்படி? பிரஷர் இருக்கிறவர்களுக்குக் கருவாட்டு உப்பு ஆகாது என்பதை வேண்டுமானால் நான் யாரிடமும் சொல்லத் தயார், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன், அதை மட்டும் ஒருத்தரும் காதில் வாங்குவதில்லை.

முழுப் பழியையும் உங்கள் தலையில் போடுவது நியாயமில்லை என்றும் தெரியும். ராத்திரி பக்கம் முடிக்கிற நேரத்தில் ஏஜென்சி செய்தி வந்து விழும், கூடவே கல்லூரி அனுப்பிய செய்திக்குறிப்பு, கேட்டுச் சரிபார்க்க ஆள் தூங்கியிருப்பார். 2014-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதையே ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011-இல் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை, மூல ஆய்வோடும் பேப்பரில் வந்த செய்தியோடும் வைத்துப் பார்த்தார்கள். 40 சதவீதக் குறிப்புகளில் ஆய்வில் இருந்ததைவிட மிகையான அறிவுரை. 33 சதவீதத்தில், இரண்டு விஷயம் சேர்ந்தே காணப்படுகிறது என்று ஆய்வு சொன்னதை இதனால்தான் அது என்று எழுதியிருந்தார்கள். 36 சதவீதத்தில் எலியிடமோ வேறு பிராணியிடமோ பார்த்ததை மனிதருக்கு நீட்டியிருந்தார்கள். குறிப்பு இப்படி மிகையாக இருந்தபோது பிராணி ஆய்வுச் செய்திகளில் 86 சதவீதம் பேப்பரிலும் மிகையாகவே வந்தது, குறிப்பு ஒழுங்காக இருந்தபோது வெறும் 10 சதவீதம். ஆக, அழுக்கு பாதிக்கு மேல் உங்களிடம் வரும்போதே சேர்ந்து வருகிறது.

அதனால் இந்த மடலின் இந்த ஒரு பத்தி, இந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் செய்திக்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு. அதே ஆராய்ச்சியில் இன்னொரு முடிவும் இருந்தது: மிகையாக எழுதிய குறிப்புகளுக்குப் பேப்பரில் கூடுதல் இடம் கிடைத்ததற்கு அனேகமாக ஆதாரம் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று அர்த்தம். உங்கள் பேராசிரியர் எலியில் செய்த ஆய்வை எலியில் செய்தோம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் எங்கள் ஆய்வின் குறைபாடுகள் என்று அவர்களே நேர்மையாக ஒரு பகுதி எழுதுகிறார்கள், அதிலிருந்து இரண்டு வரி உருவிப் போடுங்கள்.

உங்களிடம், ஆசிரியர்களே, நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மடங்கு என்றோ சதவீதம் கூடியது என்றோ எழுதும்போது எதிலிருந்து எதற்கு என்பதை ஆட்கணக்கில் எழுதுங்கள், பத்தாயிரத்தில் நாலு பேராக இருந்தது ஆறு பேரானது என்கிற மாதிரி. யாரிடம் செய்தார்கள், எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டார்கள் என்பது முதல் இரண்டு பத்திக்குள் இருக்கட்டும். மாத்திரை பெயர் வருகிற எந்தச் செய்தியிலும் ‘டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி, இது மட்டும் தயவுசெய்து, கெஞ்சியே கேட்கிறேன். எண் எங்கேயாவது உதைத்தால் கேட்க ஆள் இல்லை என்று சொல்ல முடியாது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் புள்ளியியல் துறை இருக்கிறது, ஜிப்மரில் இதையே தொழிலாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு போன் போட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகப் பேசுவார்கள். அடுத்த நாள் போட்டால் குடிமுழுகிப் போகாத செய்திகள்தான் இவை, ஒரு நாள் பொறுத்துக் கேட்டுப் போடலாம். முன்னால் நீங்கள் போட்ட ஆய்வு பொய்த்துப் போனாலோ, திரும்பப் பெறப்பட்டாலோ, முதல் செய்தி எந்தப் பக்கத்தில் எவ்வளவு இடத்தில் வந்ததோ அதே இடத்தில் அதையும் போடுங்கள்.

செய்தி முடிகிற இடத்தில் ஆய்வு வெளியான இதழின் பெயரையும் மாதத்தையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். கால் அங்குலம்கூட ஆகாது. ‘அமெரிக்க விஞ்ஞானிகள்’, ‘லண்டன் ஆய்வாளர்கள்’ என்று மட்டும் போட்டால் எங்கே போய்த் தேடுவது? பெயர் இருந்தால் ஆய்வின் சுருக்கத்தையாவது நாங்களே தேடி எடுத்து, கடைக்கு வந்து கேட்கிறவர்களுக்குக் காட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.